தேர்வு முடியட்டும் என்று ஊழியத்தைத் தள்ளி வைக்கலாமா?



நம் மலேசியத் தமிழ்ச் சபைகளில் ஆண்டுதோறும் நடக்கும் ஒன்றைப் பற்றி எழுத விழைகிறேன். பிள்ளை ஐந்தாம் படிவத்தில் காலெடுத்து வைத்ததும் பெற்றோர் போதகரைக் காணச் செல்கின்றனர். "ஐயா, இந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு. வாலிபர் ஐக்கியத் தலைவர் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்கின்றனர். போதகரும் இசைகிறார். பிள்ளையின் விருப்பத்தை எவரும் கேட்பதில்லை.

பிள்ளையின் நன்மைக்காகவே இது செய்யப்படுகிறது என்பர். நான் உடன்படவில்லை!

தேர்வின் அருமையை ஆசிரியனாகிய நான் அறியாதவன் அல்லேன். ஆயினும் ஒன்று கேட்கிறேன். அதே பிள்ளையின் கைப்பேசியையும் கணினி விளையாட்டையும் நிறுத்தினோமா? வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும் ஊழியத்தின்மீது மட்டும் முதலில் கத்தி விழுவானேன்? சபைப் பணியையும் நாம் ஒரு புறப்பாட நடவடிக்கையாகவே கருதுகிறோம். சான்றிதழுக்குப் புள்ளி தராத நடவடிக்கை என்பதால், அதை வெட்டுவதும் நமக்கு எளிதாகிவிடுகிறது.

இளையோர் தலைவர் என்னதான் செய்கிறார்?

நான் அறிந்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, சனிக்கிழமை மாலைகளில் ஏறத்தாழ பதினைந்து பேருக்கு வேத ஆராய்ச்சி நடத்தி வந்தாள். அவர்களுள் ஒரு பையனின் தந்தை நோயுற்று இறந்தார். அடுத்த கூட்டத்தில் அவன் கேட்டான்: "நாம எல்லாரும் ஜெபிச்சோமே அக்கா, அப்பா ஏன் பிழைக்கல?"

அவளிடம் விடை இல்லை. வீட்டுக்குச் சென்று யோபுவின் புத்தகத்தை முதல் அதிகாரத்திலிருந்து கடைசி வரை படித்தாள். ஞாயிறு பள்ளியில் அவள் கேட்டிருந்தது பொறுமைசாலி யோபுவின் கதை. படித்தபோது கண்டதோ கடவுளிடம் வழக்காடும் யோபுவை. துன்பத்துக்கு எளிய விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான் இறுதியில் கடவுள் கடிந்துகொள்கிறார் என்பதையும் கண்டாள். அடுத்த சனிக்கிழமை அவள் அந்தப் பையனுக்கு விளக்கம் ஏதும் கூறவில்லை. அவன் அருகில் அமர்ந்து, அவன் பேசப் பேசக் கேட்டாள்.

அதுவரை அவளிடம் இருந்தது பெற்றோர் கொடுத்த விசுவாசம். அன்று முதல் அது அவளுடையதாயிற்று. இதை எந்தப் பிரசங்கம் கற்றுத்தந்திருக்கும்? இதையா நாம் 'தேர்வு முடிந்தபின் பார்க்கலாம்' என்கிறோம்?

"முதலில் விசுவாசத்தில் முதிரட்டும்"

சபைப் பெரியோர் சிலர் இவ்வாறும் கூறுவதுண்டு. நீந்தக் கற்றபின் நீரில் இறங்கு என்பது போன்றது இது. இயேசு தம் சீடரை இருவர் இருவராக ஊழியத்துக்கு அனுப்பியபோது அவர்கள் முதிர்ந்தவர்களா? அனுப்பப்பட்டுத் திரும்பிய பின்னரும், தம்முள் யார் பெரியவன் என்று வாதாடியவர்கள்தாமே! பணிசெய்தும் தவறியும் திருத்தப்பட்டுமே அவர்கள் வளர்ந்தனர்.

1881ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் போதகர் பிரான்சிஸ் கிளார்க் கிறிஸ்தவ முயற்சி சங்கத்தைத் தொடங்கினார். அதன் செயல் உறுப்பினர் ஒவ்வொருவரும் கூட்டத்தில் ஏதேனும் ஒரு பங்கு ஆற்றுவதாக உறுதி எடுக்க வேண்டும் என்பது அதன் விதி.  பின்னர் அவ்வியக்கம் தமிழ்ச் சபைகளுக்கும் வந்து சேர்ந்தது.

நம் தமிழரையே பாருங்கள். திருநெல்வேலிச் சீமையில் 1874இல் பிறந்த வே. சா. அசரியா, ஒய்.எம்.சி.ஏ.வின் இளைஞர் பணியில் இறங்கியது 1895இல். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய அகவை. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். முதிரட்டும் என்று யாரேனும் அவரைத் திண்ணையில் அமர்த்தி வைத்திருந்தால்?

சபைகளுக்கும் ஒரு சொல்

குற்றம் பெற்றோருடையது மட்டுமன்று. 'தலைவர்' என்று பெயர் கொடுத்துவிட்டு, நாற்காலி அடுக்கவும் ஒலிபெருக்கி இயக்கவும் உணவுக் கூப்பன் விற்கவும் மட்டுமே இளையோரைப் பயன்படுத்தும் சபைகள் பல உள்ளன. நாற்காலி அடுக்குவது இழிவு என்று நான் கூறவில்லை. சீடரின் கால்களைக் கழுவியவரைப் பின்பற்றுவோருக்கு எப்பணியும் இழிவில்லை. ஆனால், ஓர் உயிரின் கண்ணீரைப் பொறுப்பாகப் பெறாதவருக்குத் தலைமை எவ்வாறு புரியும்? இத்தகைய சபைகளிலிருந்து பெற்றோர் பிள்ளையை விலக்கும்போது, அவர்களை என்னால் முழுதும் குறை கூற இயலவில்லை.

என்ன செய்யலாம்?

1. தலைமைப் பொறுப்பை இருவருக்குப் பகிர்ந்தளியுங்கள். தேர்வு வாரங்களில் ஒருவர் விலகி நிற்க, மற்றவர் தாங்கட்டும்.

2. நிகழ்ச்சி ஏற்பாட்டுச் சுமையைப் பெரியோர் ஏற்றுக்கொள்ளுங்கள். வேத ஆராய்ச்சியும் நலம் விசாரிப்பும் இளையோரிடம் இருக்கட்டும்.

3. ஒவ்வோர் இளம் தலைவருக்கும் பக்குவமுள்ள பெரியவர் ஒருவர் துணை நிற்க வேண்டும். வீட்டு வன்முறை, தற்கொலை எண்ணம் போன்றவை காதில் விழுந்தால், அதைப் பிள்ளை தனியே சுமக்கக் கூடாது. உடனே அப்பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே கற்பியுங்கள்.

4. பொறுப்பை விடுவதா, தொடர்வதா என்று பிள்ளையையே கேளுங்கள்.

பெற்றோர்களே, எஸ்.பி.எம். முடிந்தால் எஸ்.டி.பி.எம். வரும், பிறகு பல்கலைக்கழகம், வேலை, திருமணம். 'பிறகு' என்ற சொல்லுக்கு முடிவே இல்லை. இருபத்தைந்து அகவையில் "என் மகன் சபைக்கே வருவதில்லை" என்று போதகரிடம் கலங்கி நிற்பதைவிட, பதினேழில் அவன் கையில் வேதாகமத்தையும் பத்துப் பேரின் பெயர்களையும் கொடுத்து, "இவர்களைப் பார்த்துக்கொள்" என்று சொல்வது நன்று.

தேவார வகுப்பு நடத்தும் இளையோரின் பெற்றோரும் இதைத் தங்களுக்கு ஏற்பப் பொருத்திப் பார்க்கலாம்.

சிந்திப்போம், செயல்படுவோம்!