பென் டிரைவில் தங்கிவிட்ட மருந்துப் பெயர்

காய்கறிப் பயிர்களுக்கு மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது என்று 2005இலேயே தடை வந்துவிட்டது. 2023இல் அதன் 36 எஸ்.எல். வடிவத்தையும் மத்திய அரசு தடை செய்தது. ஆனால் தடைக்கு முன் தயாரான ஒரு பயிற்சி பிபிடியில் அந்தப் பெயர் இருந்தால், பென் டிரைவில் அதை வாங்கிப் போன எல்லா வட்டாரங்களிலும் பெயர் அப்படியேதான் இருக்கும். எத்தனை கணினிகளில் அது கிடக்கிறது என்று தயாரித்தவருக்கே தெரியாது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் அனுப்பும் விவசாயி, கூட்டத்தில் திரையில் பார்த்ததை நம்பித்தான் மருந்துக் கடைக்குப் போகிறார்.

வேளாண் விரிவாக்கப் பணியில் இருக்கும் நாம் இணையவழி ஸ்லைடு கருவிகளுக்கு மாற வேண்டும் என்று சொல்ல இதுவே முதல் காரணம். பவர்பாயிண்ட் 1987இல் மேகிண்டாஷுக்காக வெளிவந்தது. கோப்பு ஒரு கணினிக்குள் இருக்கும் என்பதே அன்றைய கணக்கு. கூகுள் ஸ்லைட்ஸ், ஜோஹோ ஷோ, கேன்வா போன்றவற்றில் கோப்பு ஓரிடத்தில் இருக்கிறது, கைமாறுவது லிங்க் மட்டும். காந்திகிராமம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருவர் மருந்தளவைத் திருத்தினால், அதே லிங்க்கை நத்தத்தில் திறப்பவர் திருத்தியதைத்தான் பார்ப்பார். 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அமைச்சரவை முடிவுகளை விளக்கிய ஸ்லைடுகள் ஜோஹோ ஷோவில் செய்யப்பட்டவை. நம்மூர் நிறுவனத்தின் கருவி அந்த மேடை வரை போயிருக்கிறது.

அடுத்தது தமிழ். பாமினியிலோ வானவில்லிலோ அடித்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். இணையக் கருவிகள் ஒருங்குறியில் இயங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. பழைய வரிகளை அப்படியே ஒட்டாமல், எழுத்துரு மாற்றியில் போட்டு எடுங்கள். அதன்பின் மி.லி., கிராம் அளவுகளை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

அலங்காரத்துக்காக மாறச் சொல்லவில்லை. துள்ளி வரும் எழுத்துகள் விவசாயிக்கு எதுவும் கற்றுத் தருவதில்லை. 2018இல் இந்தியாவுக்குள் வந்த மக்காச்சோளப் படைப்புழுவை எப்படி இனம் காட்டுவோம்? தலையில் தலைகீழ் ‘ஒய்’ வடிவம், வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளிகள். வயலிலிருந்து குருத்துக்கும், குருத்திலிருந்து புழுவின் வால் வரைக்கும் நெருங்கிச் செல்லும், பிரெசி என்ற ஸ்லைடு கருவியின் உத்தி இங்கே உண்மையாகவே பயன்படும். ஆனால் அதே பிரெசியின் பழைய படைப்புகள் பிளாஷில் இயங்கியவை. 2020 இறுதியில் அடோபி பிளாஷை நிறுத்தியதும் அவற்றைப் புதிய வடிவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. எந்த நிறுவனத்தை நம்பினாலும் நம் கையில் ஒரு பிடிஎஃப் இருக்க வேண்டும்.

குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் கிராமத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால் லிங்க் உதவாது. புறப்படும் முன் அலுவலகத்திலேயே ஆஃப்லைன் வசதியைப் போட்டுத் திறந்து பார்த்துவிடுங்கள். இறக்கிய பிரதியும் நாளாக ஆகப் பழசாகும் என்பதால், முதல் ஸ்லைடில் திருத்திய தேதி கட்டாயம் இருக்கட்டும். திருத்தும் உரிமை ஓரிருவருக்குப் போதும், மற்றவர்கள் பார்த்தால் போதும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: சொந்த ஜிமெயிலில் செய்யாதீர்கள். பணி மாறுதலில் போகிறவரோடு கோப்பும் போய்விடும், பின்னால் வருபவர் மறுபடி பென் டிரைவைத் தேடுவார். அலுவலகத்தின் பெயரில் ஒரு கணக்கு வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முடியாது. பயிர்ப் பாதுகாப்பு ஸ்லைடுகளை முதலில் எடுங்கள். தடை செய்யப்பட்ட மருந்தின் பெயர் இருக்கும் பிரதியை அழித்துவிட்டு, அதை யாருக்கெல்லாம் கொடுத்தீர்களோ அவர்களையும் அழைத்துச் சொல்லுங்கள்.