"ஷாக் குடுங்க சார்!"

போன மாசம் ஒரு முகூர்த்த நாள். எனக்கு கேஷுவாலிட்டி டியூட்டி.

ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தரை ஆட்டோவில் தூக்கிட்டு வந்தாங்க. கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறிட்டு இருந்தவர் அப்படியே சரிஞ்சிருக்கார். முகத்துல தண்ணி தெளிச்சிருக்காங்க. கை கால் லேசா வெட்டி இழுத்ததால வலிப்புன்னு நினைச்சு கையில சாவிக்கொத்தைக் குடுத்திருக்காங்க. அப்புறம்தான் ஆட்டோ. எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம்.

நாடி இல்லை. நெஞ்சை அழுத்திக்கிட்டே மானிட்டரை மாட்டினோம். நேர்கோடு.

ஊசி, டியூப், மாத்தி மாத்தி அழுத்தினோம். அரை மணி நேரம் ஆகியும் அந்தக் கோடு அசையவே இல்லை.

அவரோட மகன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஷாக் குடுங்க சார்! சினிமால குடுப்பாங்கள்ல, நீங்க ஏன் குடுக்க மாட்டேங்கறீங்க?"ன்னு கதறினார்.

அந்த நிமிஷத்துல அவருக்கு விளக்க முடியல. உங்ககிட்ட சொல்றேன்.

இதயத்துக்குன்னு சொந்தமா ஒரு கரண்ட் சப்ளை உண்டு. மூளையோ நரம்போ அதை வேகமாக்கலாம், மெதுவாக்கலாம், அவ்வளவுதான். இதய மாற்று அறுவை சிகிச்சையில் நரம்புகள் எல்லாம் வெட்டப்பட்டுத்தான் புது இதயம் பொருத்தப்படுது. அப்பவும் அது துடிக்கும்.

காரணம், வலது மேல் அறையில் இருக்கும் எஸ்.ஏ. நோடு என்ற சின்ன திசு. 1907ல் கீத், ஃபிளாக் என்ற ரெண்டு பேர் இதைக் கண்டுபிடிச்சாங்க. நாம ஓய்வா இருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை கரண்ட் அங்கிருந்துதான் கிளம்புது. மேல் அறைகள் சுருங்கும். நடுவுல ஏ.வி. நோடு என்ற இடத்தில் கரண்ட் சுமார் 0.1 விநாடி நிக்கும். மேல இருந்து ரத்தம் கீழ இறங்குறதுக்கான அவகாசம் அது. அப்புறம் கீழ் அறைகள் ஒண்ணா சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும்.

ஹார்ட் அட்டாக்னா இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாயில் அடைப்பு. பெரும்பாலும் அந்த நோயாளி பேசுவார், வேர்க்கும், வலிக்குதும்பார். கார்டியாக் அரெஸ்ட் வேற. அதுல இதயம் ரத்தத்தை வெளியே தள்றதையே நிறுத்திடும். திடீர்னு சரியுறவங்க பலருக்கு முதல்ல நடப்பது கரண்ட் கோளாறு. கீழ் அறைகளில் ஆயிரம் இடத்துல இருந்து தாறுமாறா கரண்ட் ஓடும். இதயம் துடிக்காது, நடுங்கும். இதுக்குப் பேர் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். முந்தையது பிந்தையதைக் கொண்டு வரலாம் என்பதால்தான் ரெண்டையும் எல்லாரும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க.

ஷாக் இந்த நடுக்கத்துக்கான வைத்தியம். சினிமாவில் காட்டுற மாதிரி அது நின்னுபோன இதயத்தை ஸ்டார்ட் பண்ணாது. தாறுமாறா ஓடுற எல்லா கரண்டையும் ஒரே அடியில் நிறுத்தும். அந்த அமைதியில் எஸ்.ஏ. நோடு திரும்ப பொறுப்பை எடுத்துக்கும். நேர்கோட்டில் நிறுத்துறதுக்கு எதுவுமே இல்லை. அதனாலதான் அந்தத் தம்பி கேட்டதை என்னால குடுக்க முடியல.

அவர் அப்பா மண்டபத்துல சரிஞ்சப்போ அந்த நடுக்கம் இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா நடுக்கம் சக்தியைத் தின்னு தின்னு கடைசியில் நேர்கோடாகும் என்பது உறுதி. யாரும் நெஞ்சை அழுத்தலேன்னா, ஷாக்குக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். அழுத்தினா அந்தச் சரிவு மெதுவாகும்.

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். யூரோ கோப்பை ஆட்டத்துல டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்துல சரிஞ்சது ஞாபகம் இருக்கா? அங்கேயே அழுத்தினாங்க, அங்கேயே ஷாக் குடுத்தாங்க. அடுத்த பிப்ரவரியில் மறுபடி களத்துல ஆடினார், நெஞ்சுக்குள்ள ஒரு ஐ.சி.டி. கருவியோட.

அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தா? பத்தாம் வகுப்பு அறிவியல்ல எஸ்.ஏ. நோடு வருது, படம் வரைஞ்சு பாகம் குறிச்சு மார்க் வாங்குறோம். நெஞ்சை எப்படி அழுத்தணும்னு ஒரு பீரியடாவது செஞ்சு பார்த்தோமா? லைசென்ஸுக்கு எட்டு போடச் சொல்ற நாம, அதோட இதையும் ஒரு பொம்மை மேல செஞ்சு காட்டச் சொல்லலாமே. தீயணைப்பு சிலிண்டர் மாட்டி வைக்கிற மண்டபத்துல ஒரு ஏ.இ.டி. பெட்டியும் இருக்கணும் என்பது என் கருத்து. என்ன செய்யணும்னு அதுவே பேசிச் சொல்லும், ஷாக் தேவையான்னும் அதுவே பார்த்துக்கும். விலை, ஒரு கல்யாணச் சாப்பாட்டுச் செலவுக்குள்ள வந்துடும். பஸ் ஸ்டாண்டுக்கும் கோயிலுக்கும் இதேதான்.

அது வர்ற வரைக்கும் உங்க கை இருக்கு. பெரியவங்க ஒருத்தர் திடீர்னு சரியுறார், தட்டிக் கூப்பிட்டா பதில் இல்லை, மூச்சு இல்லை. விட்டு விட்டு வர்ற இழுப்பை மூச்சுன்னு நம்பாதீங்க. 108ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க. கட்டில்ல வேண்டாம், கெட்டியான தரையில் படுக்க வைங்க. நெஞ்சின் நடுவுல ஒரு கை மேல இன்னொரு கை, முழங்கை மடங்காம, 5 செ.மீ. இறங்குற மாதிரி அழுத்துங்க. நிமிஷத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வரணும். கை வலிச்சா பக்கத்துல இருக்கறவர் மாத்திக்கட்டும். விலா எலும்பு உடைஞ்சா உடையட்டும், அதை நாங்க பார்த்துக்கறோம்.

சாவிக்கொத்து பாக்கெட்லயே இருக்கட்டும்.