கதவை அறையாதீர்கள்! கீலைக் கவனியுங்கள்!

"டமார்!"

பழைய வாடகைக் காரில் ஏறிக் கதவைச் சாத்தினால், பல நேரம் இந்தச் சத்தம் கேட்கும். மெதுவாகச் சாத்தினால் கதவு பிடிக்காது. "கொஞ்சம் பலமா சாத்துங்கம்மா!" என்று டிரைவரே சொல்லுவார்.

நாமும் அறைந்துவிட்டு, அதோடு மறந்து விடுகிறோம்.

இது சின்ன விஷயம் அல்ல. கதவு தொங்கிவிட்டது என்பதன் அறிகுறி இது. அந்தக் கதவில் சாய்ந்துகொண்டுதான் நம் குழந்தை வேடிக்கை பார்க்கிறது!

கதவு ஏன் தொங்குகிறது?

நீர் நிறைந்த குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் தோள் வலிக்கும். கார் கதவுக்குத் தோள் எது? கீல்தான். கதவைத் திறக்கும்போதெல்லாம், அதன் முழுப் பாரத்தையும் மேலும் கீழுமாக உள்ள இரண்டு கீல்கள் சுமக்கின்றன. மேல் கீல் இழுபடுகிறது. கீழ்க் கீல் அமுங்குகிறது.

நாளாக ஆக, கீலின் நடுவே உள்ள ஆணி தேய்கிறது. அந்த ஆணியைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்கிறது. இரண்டு கீல்களுக்கும் நடுவே 40 சென்டிமீட்டர் இடைவெளி, கதவின் நீளம் 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் கீலில் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால், கதவின் மறுமுனை இரண்டரை மில்லிமீட்டர் இறங்கிவிடும். பூட்டு எப்படிப் பொருந்தும்?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று கடலின் உப்புக்காற்று. அது இரும்பை அரிக்கும். மற்றொன்று கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான சாலை. ஒவ்வொரு குலுக்கலும் கீலுக்கு ஓர் அடி. போதாததற்கு, கதவைப் பிடித்துத் தொங்கும் பிள்ளைகள்! கதவில் கையூன்றி எழுந்திருக்கும் பெரியவர்கள்!

பூட்டை இறக்குவது வைத்தியமா?

காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகிறோம்.

"அண்ணே, கதவு இடிக்குது. சீக்கிரம் பார்த்து விடுங்க."

"ஒண்ணுமில்ல சார். லாக் மாட்டுற கொக்கியைக் கொஞ்சம் இறக்கிட்டா போதும்."

ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. காசும் குறைவு. நமக்கும் மகிழ்ச்சி.

ஆனால் நோய் கீலில். மருந்து பூட்டில்! தேய்ந்த ஆணி மேலும் தேயும். கதவு மறுபடி இறங்கும். இதை வைத்தியம் என்று சொல்ல முடியாது. நோயை மூடி மறைக்கும் வேலை.

மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. "சீக்கிரம் வேண்டும், மலிவாக வேண்டும்" என்று அவரை நெருக்குவது நாம்தான்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

கார் பூட்டுக்கு இரண்டு பிடி உண்டு. முதல் பிடியில் கதவு பாதி மாட்டிக்கொள்ளும். இரண்டாவது பிடியில்தான் முழுதும் மாட்டும். தொங்கிய கதவு முதல் பிடியிலேயே நின்றுவிடலாம். பார்ப்பதற்கு மூடியது போலவே இருக்கும். வளைவில் திரும்பும்போது?

விபத்தில் கதவு திறந்துகொண்டு ஆட்கள் வெளியே வீசப்படுவதைத் தடுக்க, அமெரிக்காவில் 1968-ல் ஒரு விதி அமலுக்கு வந்தது. கார் கதவின் கீல்கள் 1,100 கிலோ எடைக்கும் மேற்பட்ட இழுப்பைத் தாங்க வேண்டும் என்றது அந்த விதி. நம் நாட்டிலும் கதவின் பூட்டுக்கும் கீலுக்கும் தரச் சோதனை உண்டு. தேய்ந்துபோன கீல் அந்தப் பலத்தோடு இருக்குமா?

நீங்களே சோதிக்கலாம்

கதவைப் பாதி திறங்கள். பூட்டு இருக்கும் முனையைக் கீழிருந்து மெல்லத் தூக்குங்கள். ஆடுகிறதா? எங்கே ஆடுகிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீலின் ஆணி ஆடினால், புது ஆணியும் புஷ்ஷும் போட வேண்டும்.

கீல் தகடு ஆடினால், போல்ட்டு தளர்ந்திருக்கிறது. கீல் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஜாக்கியின் மேல் கட்டையும் துணியும் வைத்துக் கதவைத் தாங்க வேண்டும். போல்ட்டைச் சிறிதளவு மட்டும் தளர்த்தி, கதவைத் தூக்கி, மறுபடி முறுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் அவசியம்.

கீல் மாட்டியுள்ள கம்பத் தகடே ஆடினால், அது துருவின் வேலை. அதை வெட்டி எடுத்து வெல்டிங் செய்யத் தெரிந்த டிங்கர் வேண்டும்.

கதவு சரியாக நின்ற பிறகுதான் பூட்டில் கை வைக்க வேண்டும்.

புதிய கார்களில் கீலைப் பற்றவைத்திருப்பதும் உண்டு. கதவுக்குள் மின்கம்பிகளும் ஓடும். அவற்றில் நாமே கை வைக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது சுலபம். கீலைத் துணியால் துடைத்து, அவ்வப்போது கிரீஸ் தடவுங்கள். கதவின் அடியில் மழைநீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். அவை அடைபட்டால் நீர் உள்ளே தேங்கித் துருப்பிடிக்கும். அடைப்பை எடுத்துவிடுங்கள்.

கைத்திறன் இங்கே இருக்கிறது

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. 1948-ல் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. வடசென்னைக்கு இரும்பு வேலை புதிதல்ல. அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. பழைய காரின் சாமான் வேண்டும் என்றால் புதுப்பேட்டையில் தேடலாம். சாமானைப் பொருத்தத் தெரிந்த கைகள் இங்கேயே இருக்கின்றன.

அந்தக் கைகளுக்கு உரிய நேரமும் உரிய கூலியும் கொடுப்போம். ஐந்து நிமிஷ வேலை கேட்காமல், அரை நாள் வேலையைக் கேட்போம். மெக்கானிக்குகளும், "கீலைப் பார்க்காமல் பூட்டைத் தொட மாட்டேன்" என்று துணிந்து சொல்ல வேண்டும்.

நல்ல கதவு ஒரு விரல் தள்ளினால் சாத்திக்கொள்ளும். அறைய வேண்டிய கதவை நம்பிப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்!