வயலுக்கு மேல் நகரம்: யாரைக் கேட்டு?

காரைதீவில் கிழக்கே கடல், மேற்கே வேளாண்மை வயல். நடுவிலே வீதியை ஒட்டிய ஒடுங்கிய மணல் நிலத்தில் காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊரோடு ஊர் முட்டிக்கொண்டு கிடக்கின்றன. வளர இடமில்லாத ஊர் மேற்கே பார்க்கிறது. வயலை நிரப்பிக் கடைத்தொகுதியும் குடியிருப்பும் கந்தோர்களும் கலந்த புதிய நகரம் அமைக்கலாம் என்ற பேச்சு கல்முனைப் பக்கத்தில் பலமுறை எழுந்திருக்கிறது. வயற்காரர் எதிர்க்கிறார்கள். அவர்களை "அபிவிருத்திக்குக் குறுக்கே நிற்பவர்கள்" என்று ஏசுவது எமக்குச் சரியாகப் படவில்லை.

மாரியில் அம்பாறை, சம்மாந்துறைப் பக்கத்து வெள்ளம் இந்த வயற்கண்டங்களில் பரவி நின்று, வடிச்சல் வாய்க்கால் வழியாகத்தான் மெல்லக் கடலுக்கு இறங்குகிறது. ஒருவர் தன் ஏக்கரை மண் போட்டு உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வயலுக்கோ வீட்டு வளவுக்கோ போகும். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வெள்ளம் வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்து, உழவு இயந்திரத்தில் வந்த மத்ரஸா மாணவர்களை அடித்துச் சென்றது. பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அதற்கு வயல் நிரப்பியதுதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. தண்ணீர் போகும் வழி எதுவென்று அன்று எல்லோரும் கண்டோம், அவ்வளவுதான்.

நெற்காணியை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. ஆகவே வரைபடத்தில் நிறத்தை மாற்றிவிட்டால் வயல் நகரமாகிவிடாது.

கோடு கீறுகிறவர்களை எம்மக்கள் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டுச் சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேல், பறிகொடுத்தது அம்பாறை மாவட்டந்தான். பிணங்களை அடக்கி முடிப்பதற்குள், 2005இன் தொடக்கத்தில், வடக்கு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு! கடல் மீனவன் வீட்டை அடிக்குமாம், விடுதியை அடிக்காதாம். அதே ஆண்டில் கோமாரி தொடங்கிப் பாணமை வரைக்கும் அறுகம்குடாத் திட்டம் வந்தது. அதில் விடுதிகள், கடைவீதி, ஹெலிகொப்டர் இறங்குதளம் எல்லாம் இருந்தன. தோணி இழுத்து வைக்க இடமில்லாமற் போகும் என்று மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். எதிர்ப்பு வலுத்ததால் ஓராண்டளவில் அந்தத் தூரக் கட்டுப்பாடு தளர்ந்தது.

பாணமையில் நடந்தது இன்னும் கொடியது. 2010 ஜூலையில் ராகம்வெல, சாஸ்திரவெல விவசாயிகள் ஆயுதம் தாங்கியோரால் விரட்டப்பட்டனர், குடிசைகள் எரிக்கப்பட்டன. காணியில் படைமுகாம் வந்தது, பின்பு கடற்படை நடத்தும் உல்லாச விடுதியும் வந்தது. 340 ஏக்கரை விடுவிக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தும் காணி கைக்கு வரவில்லை. 2016இல் சில குடும்பங்கள் தாங்களாகவே உள்ளே போய்க் குடியேறின. இவர்களில் பெரும்பாலோர் சிங்கள மக்கள். ஆகவே இதை இனப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

நகரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடைக்கு மேல் வீடும் வீட்டுக்கு முன்னால் பட்டறையும் எம் ஊர்களில் என்றும் இருந்தவைதான். கேட்காமல் தீர்மானிப்பதைத்தான் எதிர்க்கிறோம். வரைவுத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபனை கேட்க வேண்டும் என்பது நகர அபிவிருத்திச் சட்டத்திலேயே உண்டு. ஆனால் அந்த அறிவித்தல் கந்தோர்ச் சுவரில் ஒட்டப்படும்போது, காணிக்காரர் வேறு ஊரில் உறவினர் வளவிலோ கூலிக் குடிலிலோ இருக்கிறார். தவணை முடிந்தபின் "ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்கள் இன்று வசிக்கும் இடத்துக்கே, தமிழில், வரைபடத்தோடு அறிவித்தல் வரவேண்டும். பிரதேச செயலகத்திடம் இதை நாம் வற்புறுத்துகிறோம்.

அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் கண்டம் எந்த வலயத்தில் காட்டப்பட்டிருக்கிறது என்று பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். பதினான்கு வேலைநாளுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். கடிதத்தில் கண்டத்தின் பெயர், ஏக்கர், உறுதி அல்லது பெர்மிட் இலக்கம், இப்போதைய விலாசம் ஆகியவற்றை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். துண்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பிரதியொன்றைக் கமக்காரர் அமைப்பிடமும் கொடுத்துவிடுங்கள்.