மாத்திப் பார்த்துடலாம் சார்!

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடுகிறது. வண்டிப் பட்டறையில் யாராவது இதைச் சொன்னால், வண்டிக்கு என்ன கோளாறு என்று அவருக்குத் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளும் செலவை நீங்கள் ஏற்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 31 வருடம் டீசல் எஞ்சினோடு மாரடித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கோபம் வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயி. பீன்ஸ், தக்காளி, முருங்கை என்று பருவத்துக்கு ஒன்று. சரக்கை மார்க்கெட்டுக்கு ஏற்ற ஒரு பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கிறார். வயது இருபதைத் தாண்டிவிட்டது. சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பம்பு, நாசில், ஹீட்டர் பிளக், பேட்டரி, செல்ஃப் மோட்டார் அவ்வளவுதான். படித்துப் பார்த்தால் புரிகிற வண்டி.

போன வருடம் அதற்கு ஒரு வியாதி வந்தது. காலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. ஐந்தாறு தடவை அடித்த பிறகு இருமிக்கொண்டு எழுந்திருக்கும். ஸ்லோ ஸ்பீடில் நிற்காது. ஏறும், இறங்கும், குலுங்கும், சில நாள் அணைந்தே போகும். ரோட்டில் ஓட ஆரம்பித்துவிட்டால் பெரிய குறை தெரியாது. மறுநாள் காலை பழைய கதை.

பட்டறைக்குப் போனார். முதலில் பேட்டரி மாற்றினார்கள், 6,200 ரூபாய். சரியாகவில்லை. ஃபில்டர் 450. பிறகு நாலு ஹீட்டர் பிளக், கூலியோடு 2,400. பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டினார்கள், 3,500. கடைசியில் "பம்பும் நாசிலும் போயிடுச்சு" என்று திண்டுக்கல்லுக்கு அனுப்பி வேலை பார்த்ததில் 19,000. கூட்டிப் பாருங்கள், 31,550 ரூபாய். இதற்கிடையே நாலு நாள் ஏலத்துக்கு நேரத்துக்குப் போகமுடியாமல் பீன்ஸை வந்த விலைக்குத் தள்ளியிருக்கிறார். என் தங்கையின் செயின் அடகுக்குப் போனது எனக்குத் தெரியாது. வண்டியைக் காயலாங்கடைக்குப் போடலாமா என்று கேட்கத்தான் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார்.

நான் போனதும் வண்டியைத் தொடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேள்விதான் கேட்டேன்.

"செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல புகை வருதா மாப்பிள்ளை?"

"இல்ல மச்சான். பிடிச்ச பிறகுதான் வரும்."

"ராத்திரி எங்க நிறுத்துறீங்க?"

"இங்கதான், வாசல் மேட்டுல. மூஞ்சி மேல பார்த்தாப்ல."

"வேற எங்கயாவது நிறுத்தின அன்னைக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போய் ரெண்டு நாள் தங்கினப்போ ஒரே அடில ஸ்டார்ட் ஆச்சு. அங்க சமதரை."

நோயில் பாதி இங்கேயே தெரிந்துவிட்டது. 31,550 ரூபாய் வாங்கியவர்கள் இந்த மூன்று கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆக மூன்று விஷயம் வேண்டும். வேகமாகச் சுற்ற வேண்டும், உள்ளே காற்று அமுங்கிச் சூடேற வேண்டும், அந்தச் சூட்டில் டீசல் வந்து விழ வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது என்று மாப்பிள்ளையே சொல்கிறார். அப்புறம் பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் ஏன் தொட்டார்கள்? சந்தேகம் இருந்தால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பார்க்கலாம். விளக்கு அணைகிற மாதிரி மங்கினால் பேட்டரியையோ டெர்மினலையோ பார்க்க வேண்டும். மீட்டர் இருந்தால் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பி சரியில்லை. கம்பியைச் சுரண்டி முறுக்கினால் தீர்கிற விஷயத்துக்குப் புது பேட்டரி வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அடுத்தது புகை. ஹீட்டர் பிளக் வேலை செய்யவில்லை என்றால் செல்ஃப் அடிக்கும்போதே வெள்ளைப் புகை வரும். டீசல் வந்து விழுகிறது, எரியவில்லை, அப்படியே ஆவியாக வெளியே போகிறது என்று பொருள். புகையே இல்லை என்றால் டீசலே வந்து சேரவில்லை. அப்புறம் ஹீட்டர் பிளக்கை மாற்றி என்ன பயன்? கழற்றிய பழைய பிளக்குகளை மாப்பிள்ளை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன். நாலும் செக்கச்செவேலென்று பழுத்தன.

ஆக, டீசல் ராத்திரியில் டேங்குக்கே திரும்பி ஓடுகிறது. மூஞ்சி மேலே பார்த்து நிற்கிற வண்டியில் எஞ்சின் உயரத்தில், டேங்க் பள்ளத்தில். வழியில் எங்கோ காற்று நுழைகிறது. டேங்குக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் பெரும்பாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரம் இல்லாததால் லீக் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எஞ்சின் வேகமாக ஓடும்போது சின்னக் குமிழ்கள் அடித்துக்கொண்டு போய்விடும். ஸ்லோ ஸ்பீடில்தான் ஒவ்வொரு குமிழும் எஞ்சினைத் தடுக்கி விடும்.

இன்னொன்றும் உண்டு. ஃபில்டர் மாற்றினாலும் பம்பைக் கழற்றி மாட்டினாலும் காற்றை எடுத்துவிட்டுத்தானே ஸ்டார்ட் செய்ய முடியும்? அதனால் ஒவ்வொரு முறையும் அன்றைக்கு வண்டி ஜோராக ஓடியிருக்கிறது. புதுச் சாமான் குணப்படுத்திவிட்டதென்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். கடைசியில் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குலுங்கலை மறைத்தும் விட்டார்கள். காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசிக் கல்யாணத்துக்கு அனுப்பின கதைதான். இதற்குக் கூலி வேறு!

மறுநாள் காலை, ஃபில்டர் தலையில் இருக்கும் ஹேண்ட் பிரைமரைக் கை கெட்டியாகும்வரை அமுக்கச் சொன்னேன். சாவியைத் திருப்பினார். ஒரே அடி. செலவு பூஜ்யம். பிறகு ஃபில்டருக்கு வரும் பைப்பில் ஒரு சாண் கண்ணாடி ட்யூப் மாட்டினோம். டீசலோடு சோடா பாட்டில் மாதிரி குமிழ்கள் வந்தன.

என் முழங்கால் வண்டிக்கு அடியில் போக விடாது. முக்கு டூவீலர் கடைப் பையன் ஒருவன் படுத்துப் பார்த்தான். டேங்கிலிருந்து வரும் இரும்புப் பைப்பில் ரப்பர் ஹோஸ் சேருகிற இடத்தில் கிளிப் அறுத்து மயிரிழை விரிசல். ஒரு முழம் ஹோஸ், இரண்டு கிளிப், 60 ரூபாய். ஸ்க்ரூவையும் பழைய இடத்துக்குத் திருகினேன்.

இதுவரை பட்டறைக்காரரைத் திட்டினேன். இனி நம்மையும் கொஞ்சம் பார்ப்போம். மாப்பிள்ளை அந்தப் பையன் கையில் 50 ரூபாயைத் திணித்து "டீ குடிச்சுக்கப்பா" என்றார். எனக்கு வந்ததே கோபம்! 500 கொடுங்கள் என்றேன்.

"ஒரு ஹோசுக்கு ஐந்நூறா மச்சான்?"

ஹோசுக்கு இல்லை, கண்டுபிடித்ததுக்கு. பம்புக்கு 19,000 கேட்டபோது வாய் திறக்காமல் எண்ணிக் கொடுத்த அதே மனுஷர்தான் இவர். நாம் எல்லோருமே அப்படித்தான். புதுச் சாமானைக் கையில் காட்டினால் கொடுப்போம். ஒரு மணி நேரம் பார்த்து, யோசித்து, "ஒன்றுமில்லை, கம்பி லூஸ்" என்று ஒருவன் சொன்னால் "பார்த்ததுக்கெல்லாம் காசா?" என்போம். அப்படியிருக்க அவன் எதற்கு யோசிக்க வேண்டும்? சாமானை மாற்றினால் கூலியும் உண்டு, கமிஷனும் உண்டு. ஒரு பட்டறை முதலாளி என்னிடம் நேராகவே சொன்னார்: "சார், நான் கண்டுபிடிச்சதுக்கு பில் போட்டா நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க." பதில் சொல்ல முடியவில்லை.

இப்போதெல்லாம் ஸ்கேனர் வந்துவிட்டது, இந்தப் பேச்சே வேண்டாம் என்கிறான் என் பேரன். ஸ்கேனர் காட்டுவது ஒரு எண். எந்தச் சங்கதி சரியில்லை என்று சொல்லும். ஏன் சரியில்லை என்று அதுவும் சொல்லாது. அதைப் பார்த்துவிட்டும் இவர்கள் சொல்வது அதே "மாத்திப் பார்த்துடலாம்"தான்.

மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே 500 கொடுத்தார். செயின் தை மாதம் மீட்டாயிற்று. வண்டி இன்னும் அதே வாசல் மேட்டில், மூஞ்சி மேலே பார்த்துத்தான் நிற்கிறது, காலையில் ஒரே அடியில் பிடிக்கிறது. மார்க்கெட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்க மச்சான் 60 ரூபாய்ல முடிச்சுட்டாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அந்தப் பையனுக்குக் கொடுத்த 500ஐ மட்டும் சொல்வதே இல்லை.