ஷட்டரின் பழுதும் படத்தின் சாட்சியமும்

பழைய ஒளிப்படங்களை ஆராய்வோர் முகம், உடை, பின்னணித் திரை ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். அப்படத்தை எடுத்த கேமராவின் ஷட்டர் ஒழுங்காக இயங்கியதா என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. படம் வெளிறியிருந்தால் அது கலைஞரின் தேர்வு என்றாகிவிடுகிறது. ஓரம் இருண்டிருந்தால் அதற்கோர் உட்பொருள் கற்பிக்கப்படுகிறது. பழுதுபார்ப்பவரிடம் கேட்டால் வேறு விடை கிடைக்கக்கூடும்.

துணித் திரை கொண்ட 35 மி.மீ. கேமராவில் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அவற்றுக்கிடையேயுள்ள இடைவெளியே ஒளியை அளக்கிறது. முதல் திரை தளர்ந்து, இரண்டாவது அதை எட்டிப் பிடித்துவிட்டால், 1/500, 1/1000 நொடி வேகங்களில் படத்தின் ஒரு பக்கம் இருண்டுபோகும். குறைந்த வேகத்தில் இடைவெளி அகலமாக இருப்பதால் அதே கேமரா பழுதின்றிப் படமெடுப்பதுபோல் தோன்றும். காம்பூர், புரோன்டார் போன்ற, லென்ஸோடு இணைந்த ஷட்டர்களில் இக்குறைக்கு இடமில்லை. அங்கே தகடுகளில் எண்ணெய் படிந்தால் அவை சோம்பலாகத் திறந்து மூடும்; படம் முழுவதும் மிகை ஒளி படரும். ஹோமாய் வியாரவாலா பயன்படுத்திய ரோலிஃப்ளெக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. அத்தகைய கேமராவின் படத்தில் ஒரு பக்கம் மட்டும் இருண்டிருந்தால், காரணத்தை ஷட்டருக்கு வெளியேதான் தேட வேண்டும்.

செல்ஃப் டைமரின் கதை தனி. ஆண்டுக்குச் சில முறையே இயக்கப்படும் சிறு கடிகாரப் பொறி அது. அதிலுள்ள மசகு உலர்ந்து பிசினாகிவிடுகிறது. நெம்புகோலை 'வி' குறியில் வைத்து அழுத்தினால் ஏறத்தாழ 10 நொடி ரீங்கரித்துப் பின் ஷட்டர் திறக்க வேண்டும். பாதி வழியில் ரீங்காரம் நின்றுவிட்டால் ஷட்டரும் அதனிடம் சிறைப்பட்டுவிடும். வாங்கியவர் ஷட்டரே செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறார். பல வேளைகளில், அந்த நெம்புகோலை அது போகும் திசையிலேயே விரலால் மென்மையாகத் தள்ளினால் ஷட்டர் விடுபடும். வலிந்து திருப்பினால் பல் முறியும். பழைய கேமராவின் 'வி' குறியைத் தொடாதே என்று அனுபவசாலிகள் எச்சரிப்பது மூடநம்பிக்கையன்று.

இதற்குரிய மருத்துவம், நாப்தாவில் கழுவி, அச்சுமுனைகளுக்கு மட்டும் நுண்ணெண்ணெய் துளியளவு இடுவது. தகடுகள் உலர்ந்தே இருக்க வேண்டும். துருநீக்கி எண்ணெயைப் பீய்ச்சினால் கேமரா அன்றைக்கு ஓடும். கோடை வெயிலில் அந்த எண்ணெய் பரவித் தகடுகளை ஒட்டிவிடும்.

அருங்காட்சியகப் பொருளைப் பிரிக்கலாகாது என்ற வாதம் நியாயமானதே; பழைய மசகும் ஒரு சான்றுதான். ஆனால் பிரிக்காமலேயே பதிவுசெய்யக் கூடியது நிறைய உண்டு. கேமராவின் பெயர், ஆண்டு, கொடையாளர் ஆகியவற்றோடு, எந்த வேகத்தில் ஓடுகிறது, எதில் திணறுகிறது என்ற ஒரு வரியும் பட்டியலில் ஏறலாம். 1 நொடி வேகத்தில் நின்று 1/100-இல் ஓடும் ஷட்டரில் குற்றம் தாமதப் பற்சக்கரங்களில் இருக்கிறது என்பதைக் காதாலேயே அறிபவர்கள் தில்லி சாந்தினி சவுக்கின் கூச்சா சவுத்ரி போன்ற சந்தைகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஆய்வேடுகளில் அவர்களுக்குக் கிடைப்பது, கிடைத்தால், நன்றியுரையில் ஒரு வரி. ஸ்டூடியோ உரிமையாளர்களின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் துறைகள் அடுத்த பயணத்தில் ஒலிப்பதிவுக் கருவியை இவர்களின் மேசைக்கும் கொண்டுபோகலாம். கூடவே, ஓடாத கேமரா ஒன்றையும்.