மூப்பறியாத கிட்டப்பா

சென்ற வாரம் வகுப்பில் எஸ். ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுப் பாட்டு ஒன்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்து, "இவர் வயதான பிறகு எப்படிப் பாடினார், ஸார்?" என்று கேட்டான். "அவருக்கு வயதாகவே இல்லை, அப்பா" என்று சொல்லி உட்கார வைத்தோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விட்டபாடில்லை.

செங்கோட்டையில் 1906-ம் வருஷம் பிறந்த கிட்டப்பா, 1933-ம் வருஷம் டிஸம்பர் 2-ந் தேதி காலமானார். வயது 27. சிறு பிள்ளையாக மேடை ஏறியவர். விடிய விடிய நடக்கும் நாடகங்களில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடியவர். தமிழில் பேசும் படம் 1931-ல்தான் வந்தது. அதில் அவர் தோன்றுவதற்குள் ஆயுள் முடிந்துவிட்டது. ஆகவே அவர் நடிப்பைக் கண்ணால் காண நமக்கு வழியில்லை. பக்கத்துக்கு மூன்று நிமிஷம் போல ஓடும் தட்டுகளே எஞ்சின.

எஞ்சியது சொற்பமானதே அவர் புகழுக்கு அரணும் ஆயிற்று. மற்ற நடிகர்களுக்குக் குரல் கம்மும், தலை வழுக்கையாகும், "அந்தக் காலத்தில் எப்படி இருந்தார் தெரியுமா!" என்று அவர் காது கேட்கவே ஜனங்கள் பேசுவார்கள். கிட்டப்பாவுக்கு அந்தச் சங்கடம் நேரவில்லை. நாடகம் பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் மனத்தில் அவர் மேலும் மேலும் உயர்ந்தார்.

ஜனங்கள் மறந்துவிட்டவையும் உண்டு. 1926-ல் இலங்கையில் சந்தித்த கே. பி. சுந்தராம்பாளை அவர் பிறகு மணந்தார். ஆனால் அவருக்கு முன்பே மணமாகியிருந்தது. இருவரும் வள்ளியும் வேலனுமாக மேடையில் நின்ற கோலத்தை எல்லாரும் போற்றினார்கள். இல்லத்திலோ பிணக்கும் பிரிவும் இருந்தன. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்களே அதற்குச் சாட்சி. மரணம் வந்தவுடன் அந்தப் பக்கங்களை ஜனங்கள் கிழித்துவிட்டார்கள். முதல் மனைவியும் அன்று விதவையானார் என்பதை நினைப்பார் இல்லை.

சரி, அந்த மாசற்ற நினைவைக் காக்கும் பொறுப்பு யார் தலையில் விழுந்தது? 25 வயதுச் சுந்தராம்பாள் வெள்ளைப் புடைவை உடுத்தினார். 1980-ல் கண் மூடும்வரை அதுவே அவர் கோலம். 1935-ல் திரைக்கு வந்தபோது நந்தனாராக ஆண் வேஷம் பூண்டார். 1937 தேர்தலில் காங்கிரஸுக்காகப் பாடினார். 1953-ல் ஔவையார் ஆனார்.

இளமை வேண்டாம், முதுமையைத் தா என்று ஔவை பிள்ளையாரிடம் கேட்டுப் பெற்றதாகக் கதை. சுந்தராம்பாள் விஷயத்தில் அது வெறும் கதையாக இல்லை. கிட்டப்பா என்றும் இளைஞராகவே இருந்துவிட்டார். இருவருக்கும் உரிய முதுமையை அந்த அம்மாள் ஒருவரே சுமந்தார்.

இவற்றையெல்லாம் சொல்வதால் கிட்டப்பாவின் குரலுக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. குறையுள்ள மனிதர் ஒருவரின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு நாதம் எழுந்தது என்பதுதான் அதிசயம். அடுத்த வாரம் அந்த மாணவனுக்குக் கிட்டப்பா பாட்டை மறுபடி போட்டுவிட்டு, சுந்தராம்பாள் வயதான காலத்தில் பாடியதையும் போடப் போகிறோம். அவன் கேள்விக்கு நம்மிடம் உள்ள பதில் அதுதான்.